நன்றி, குறித்துக்கொண்டேன்

டெய்லர் வேலுச்சாமி வீட்டுக் கதவு வெண்மணியின் மூக்கில் இடிக்காத குறையாகச் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் ஒரு பெண் ஓவென்று அழும் சத்தம் கேட்டது.

வெண்மணிக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுக்கு எப்போதும் கோபம் கொஞ்சம் முன்னால் வரும். பனியன் கம்பெனித் தொழிற்சங்கத்தில் கொடி பிடித்த அப்பா, பெயரோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோளில் ரத்தம் எடுக்கும் பையை மாட்டிக்கொண்டு, திருப்பூர் வெயிலில் இரண்டு மாடி ஏறி வந்தவளுக்கு இதுதான் மரியாதையா?

“நான் என்ன புள்ள புடிக்கிறவளா? ரெண்டு நிமிசத்துல ரத்தம் எடுத்துட்டுப் போகப் போறேன். அதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று மூடின கதவைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலாமணி திரும்பினாள். அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அந்த வீதியில் வெண்மணியிடம் உரிமையாகப் பேசுகிறவள் கலாமணி ஒருத்திதான்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. பாவம், அவிய பயந்து போயிட்டாங்க. பத்து நாளைக்கு முன்னாடிதானுங்க வந்துட்டுப் போனீங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“மொதத் தடவ வந்தா ஒண்ணுமில்லீங்க, டீ வெச்சுக் குடுப்போம். அதே வருசத்துல ரெண்டாவது தடவ வந்தீங்கன்னா அந்த வூட்டுல எழவு வுழுகுதுங்க. வீதிக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்களா?”

வெண்மணி பையை இழுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவளைப் பார்த்து நீ எமனுக்கு ஏஜெண்டு என்று சொன்னால் வேறு என்ன செய்வாள்?

இங்கே கொஞ்சம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே இதய நோய்த் தடுப்பு ஆய்வு மையம் ஒன்று இருந்தது. மாரடைப்பு யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, எப்படி வராமல் தடுப்பது என்பதையெல்லாம் ஊர் ஊராக எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற இடம். பிஎச்டி முடித்தவர்களில் வருடத்துக்கு நான்கு பேரைப் பொறுக்கியெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுப்பார்கள். வெண்மணியின் அப்பா நாற்பத்தாறு வயதில் கட்டிங் டேபிள் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அந்த மையத்தில் இடம் கிடைத்தபோது அவள் அழுதேவிட்டாள்.

அந்த ஊரில் இருபதாயிரம் பேரின் கைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி இருந்தது. நெல்மணி அளவுதான் இருக்கும். ஜனங்கள் அதை நெல் என்றே சொன்னார்கள். ரத்த ஓட்டத்தை ஓயாமல் கவனித்து, மாரடைப்பு வருவதற்கு மூன்று வாரம் முன்பே அது மையத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதிக்கு, ‘உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்’ என்று போனில் செய்தி போகும். மறுபாதிக்கும் அதே செய்தி எழுதப்படும், ஆனால் போகாது. அதை ஒரு பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பெட்டி என்றால் இரும்புப் பெட்டி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. சொன்னவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், சொல்லாதவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று நான்கு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். பதினாலு பக்கம், பொடி எழுத்து.

பெட்டியின் சாவி இயக்குநர் டாக்டர் ஆத்மநாதனிடம் மட்டும் இருந்தது. ஒருவருக்காகத் திறந்தால் அத்தனை பேருக்கும் திறந்துவிடும், அந்த நிமிடமே ஆய்வு முடிந்துவிடும் என்பது விதி.

வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க வீடு வீடாகப் போகிற பயிற்சியாளர்களுக்கும் ஒரு விதி உண்டு. படிவத்தின் கடைசிக் கேள்வி, ‘எங்களிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?’ அவர்கள் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “நன்றி, குறித்துக்கொண்டேன்.” ஆத்மநாதன் தன் கையால் எழுதிய வாசகம் அது. பயிற்சியின் முதல் வாரத்தில் இரண்டு நாள் முழுக்க எதிரெதிரே உட்கார வைத்து அதை மட்டும் சொல்லப் பழக்கினார். “எனக்கு ஏதாவது ஆயிடுமா அம்மா?” என்று அவரே கெஞ்சுவார். சொல்லும்போது புருவம் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. வெண்மணி பதினேழாவது தடவையில் தேறினாள்.

இரண்டாவது வருகை எதற்கு என்று அவள் கேட்டிருந்தாள். “சும்மா ஒரு தரப் பரிசோதனை. கம்ப்யூட்டர் குலுக்கல்ல எடுத்துக் குடுக்கும்” என்று சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பியிருந்தாள்.

அன்று மையத்துக்குத் திரும்பினவள் நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மூடநம்பிக்கையை எண்ணிக்கையால் அடித்து நொறுக்குவதுதானே அவள் தொழில்? கணக்கெடுத்து, நோட்டீஸ் அடித்து, அந்த வீதி முழுக்க ஒட்டிவிடுவது என்று கறுவிக்கொண்டு ஆரம்பித்தாள்.

அவள் இரண்டாவது தடவை போன வீடுகள் முப்பத்தொன்று. அதில் பதினெட்டு வீட்டில் ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு. ஒன்பது பேர் செத்திருந்தார்கள். அவள் தப்பாக எண்ணிவிட்டதாக நினைத்து மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று, பதினெட்டு, ஒன்பது. குலுக்கலில் இப்படி விழவே விழாது.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஒன்பது சாவும் அவள் சேர்ந்த முதல் நாலு மாதத்தில் நடந்தவை. அப்புறம் ஒருவர்கூடச் சாகவில்லை. ஏனென்று கேட்கக் கலாமணிக்குப் போன் போட்டாள்.

“நீங்க அக்கட்ட போனதும் நாங்க ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிர்றமுங்க. வேலுச்சாமியண்ணனையும் மத்தியானமே கூட்டிட்டுப் போயாச்சு. பெரிய குழாயில அடைப்பாம், சரி பண்ணிட்டாங்களாம். உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க அம்மணி!”

வெண்மணி போனை வைத்தாள். அந்த ஒன்பது பேரின் முகமும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ஒன்பது பேரும் கையை நீட்டிவிட்டு, எல்லாம் நல்லா இருக்குதுங்களா என்று கேட்டவர்கள். ஒன்பது பேரிடமும் புருவம் அசையாமல் அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தாள்.

ஆத்மநாதன் தன் அறையில் அவளை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

“நீ சேர்ந்து எட்டே மாசம். போன பேட்ச் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலை. உனக்கு நல்ல மூளைம்மா.”

“வாயை மூடுங்க சார்!” வெண்மணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “பெட்டியைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் எனக்கு வீட்டு லிஸ்ட் குடுக்குது. சாகப்போற ஆளுன்னு தெரிஞ்சே என்னை அனுப்பி ரத்தம் எடுக்க வெச்சிருக்கீங்க. என் கையால!”

“மாரடைப்புக்கு முந்தின மூணு வாரம் உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு உலகத்துல யார்கிட்டயும் பதிவு கிடையாது. நம்மகிட்ட இருக்கு. நீ எடுத்தது.” அவர் குரல் உயரவே இல்லை. “உட்காரு. நெல் பத்து தடவை எச்சரிச்சா நாலு தடவை ஒண்ணும் நடக்கறதில்லை. நல்லா இருக்கறவனைப் பயமுறுத்தி, தேவையில்லாம அறுத்து, அதுலயே ஒருத்தன் போயிட்டா? சொன்னா நிஜமா உயிர் மிஞ்சுதான்னு நிரூபிக்காம ஏழு கோடிப் பேர் கையில எப்படிக் குத்தறது? இன்னும் பதினோரு மாசம். பொறுத்துக்கோ.”

“ஒன்பது பேர் சார்.”

“தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் வேற. பூட்டின பாதியில சாவு திடீர்னு குறைஞ்சு போச்சு. உன் வீதி ஆளுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சு போயிருக்கு. என் ஆய்வு கெட்டுப் போச்சு.”

“ஆளுங்க பொழைச்சா கெட்டுப்போறதுன்னா அது என்ன எழவு ஆய்வு?”

அவர் பேனாவை எடுத்தார். ஒரு தாளில் எதையோ எழுதி அவள் பக்கம் தள்ளினார். நிஜ வருகை ஒன்றுக்குப் பத்து டம்மி வருகை. எந்த வீடு நிஜம், எந்த வீடு டம்மி என்று போகிறவளுக்கும் தெரியக்கூடாது, அவருக்கும் தெரியக்கூடாது. அப்படிக் கலக்குகிற புரோகிராமை எழுத வேண்டியவள் அவள்.

“நெல் குத்தின ஒருத்தரையும் விடாதே. ஆபீஸ் ஆளுங்க, நான் உள்பட. எனக்கும் சீட்டுல பூட்டின பாதிதான் விழுந்தது, அதைத் தெரிஞ்சுக்கோ. நான் ஊரானை மட்டும் வெச்சு விளையாடலை. எழுத மாட்டேன்னா சொல்லு, இரண்டாவது வருகையையே அடியோட நிறுத்திடறேன். அப்ப உன் வீதிக்கு அதுவும் கிடையாது.”

இங்கேதான் வெண்மணி ஏமாந்தாள். வேறு யாராக இருந்தாலும் தாளைக் கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பார்கள். அவள் கணக்குப் போட்டாள். ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிடப் பதினொன்றில் ஒன்று என்று தெரிந்திருப்பது மேல். பதினோரு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த ஒருவர் பிழைப்பார். ஆக மொத்தம் லாபம். புள்ளியியல் படித்த மூளைக்கு அது சரியாகத்தான் பட்டது. நான்கு நாள் உட்கார்ந்து எழுதினாள். சுத்தமாக எழுதினாள். எந்த மூலையிலிருந்து குடைந்து பார்த்தாலும் நிஜத்தையும் டம்மியையும் பிரிக்க முடியாது. முடித்தபோது, வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் வாரம் வீதியில் ஆட்டோ கிடைக்கவில்லை. அவள் கால் வைத்த வீட்டிலிருந்தெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் கத்த ஆரம்பித்தார்கள். ‘நல்லா இருக்கற ஆளையெல்லாம் கூட்டிட்டு வந்து உசுரை வாங்காதீங்க’ என்று டூட்டி டாக்டர் கலாமணியின் எதிர்வீட்டு மணியனைத் திட்டி அனுப்பினார். டம்மி என்ற வார்த்தை மையத்திலிருந்து எப்படியோ கசிந்து, மூன்றாவது வாரம் வீதியே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. “வாங்க டம்மியம்மணி, டீ குடிக்கிறீங்களா?” என்றார்கள். கதவைச் சாத்துகிற வழக்கம் போனது. அழுகிற சத்தமும் போனது. பதினோரு பேரும் போவார்கள் என்று கணக்குப் போட்டவளுக்கு, மனுசன் நாலாவது தடவை போகமாட்டான் என்பது தோன்றாமல் போய்விட்டது.

அந்த மாதக் கடைசியில்தான் லிஸ்டில் நாச்சிமுத்து பெயர் வந்தது.

அவர் டூட்டிக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஊசி குத்த இடது கையை நீட்டும்போது முகத்தைச் சுளித்தார்.

“என்னண்ணா, வலிக்குதா?”

“ரெண்டு நாளா தோள்பட்டை புடிச்சாப்ல இருக்குதுங்க. அயர்ன் பொட்டியத் தேச்சுத் தேச்சு அப்படி ஆயிப்போச்சு. கப்பல்ல போற சரக்கு, நாளைக்குள்ள முடிக்கோணும்.”

கலாமணி டீ டம்ளரோடு வந்து நின்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

“அம்மணி, எனக்கு மட்டும் சொல்லுங்க. இது நெசமுங்களா, டம்மிங்களா?”

வெண்மணிக்குத் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். எதற்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கண்ணா என்று சொல்லியிருக்கலாம். அப்பா டேபிளில் சாய்ந்த கதையைச் சொல்லி, காலில் விழுந்து கெஞ்சிக்கூட இருக்கலாம். அத்தனையும் பிற்பாடு யோசித்தது. அந்த நேரத்தில் டேப்லெட்டில் கடைசிக் கேள்வி மின்னிக்கொண்டிருந்தது. கலாமணி கேட்டு முடித்ததுமே, பழக்கிவைத்த நாக்கு தானாகப் புரண்டது.

“நன்றி, குறித்துக்கொண்டேன்.”

புருவம் அசையவில்லை.

“டம்மிதான், வுடு புள்ள” என்று நாச்சிமுத்து டீயைக் குடித்துவிட்டு டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினோராம் நாள், சூடான அயர்ன் பாக்ஸ் கையில் இருக்க, டேபிள் மேலேயே விழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பாக்ஸைத் தள்ளிவிட்டுத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் போய் நாற்பத்தொரு கேள்வி கேட்பதும் பயிற்சிதான். வேறு ஆளை அனுப்பச் சொல்லி வெண்மணி மன்றாடினாள். “அவங்களுக்கு உன்னைத்தானே தெரியும்? பதில் சரியா வரும்” என்று அவளையே அனுப்பினார்கள்.

வலி எத்தனை மணிக்கு? வியர்த்ததா? முந்தின நாள் என்ன சாப்பிட்டார்? கலாமணி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நாற்பத்தொன்று முடிந்ததும் அவள் கேட்டாள்.

“அன்னிக்கு நீங்க வந்தது நெசந்தானுங்களே?”

இந்தப் படிவத்தில் அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. வெண்மணி தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்துவிட்டாள். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டினாள். ஆத்மநாதனைத் திட்டினாள், பதினாலு பக்கத்தைத் திட்டினாள், எல்லோரையும்விட அதிகமாகத் தன்னைத் திட்டிக்கொண்டாள். சிக்னலில் நின்ற பஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

மறுவாரம் திங்கள்கிழமை லிஸ்டைத் திறந்தாள். முதல் பெயர், ஆத்மநாதன், வயது 61.

நிஜமா டம்மியா? யாருக்குத் தெரியும்? அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“அட, என் முறை வந்துடுச்சா!” என்று ஆத்மநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். அவர் மனைவி விசாலம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வெண்மணி கேள்விகளைப் படித்தாள். சமீபத்தில் மூச்சு வாங்குகிறதா? தூக்கம் எப்படி? அவர் விளையாட்டாகவே பதில் சொன்னார். நெஞ்சில் ஏதாவது தொந்தரவு?

“அப்படியொண்ணும்…” என்று நிறுத்தினார்.

“ரெண்டு நாளா எரியறதுன்னு சொன்னேளே” என்றாள் விசாலம்.

“அது கல்யாணச் சாப்பாடு.”

வெண்மணி ரத்தம் எடுத்தாள். அவர் கை சில்லென்று இருந்தது. குழாயில் பெயர் ஒட்டி, பைக்குள் வைத்து, கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

“எங்களிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?”

அவர் சிரித்தார். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“வெண்மணி, இது டம்மிதானே?”

“நன்றி, குறித்துக்கொண்டேன்.”

“விளையாடாதே. உன் புரோகிராம்தானே அது? ஏதாவது ஒரு வழி வெச்சிருப்பே.”

“வழியே இல்லாம எழுதச் சொன்னீங்க சார். நல்லா எழுதியிருக்கேன். பத்துக்கு ஒண்ணு. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” பையின் ஜிப்பை இழுத்தாள். “இப்ப புருவம் அசைஞ்சுதா சார்? அசைஞ்சிருந்தா மறுபடி சொல்றேன்.”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை தானாகப் போய் நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. வெண்மணி பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வராததற்கு வெட்கப்படவும் இல்லை.

“டம்மியாத்தான் இருக்கும். இல்லேன்னா உங்ககிட்ட சாவி இருக்கு. நாச்சிமுத்துகிட்ட அது இல்லை.”

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டரை எடுத்து மெயின்ரோடு டீக்கடை வரைக்கும்தான் போயிருப்பாள், பைக்குள் டேப்லெட் கத்தியது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் போனும் கத்தியது. வண்டியை ஓரம் கட்டித் திறந்து பார்த்தாள். பெட்டி திறந்திருந்தது. ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்கும். நான்காவது வருடத்தில் ஒன்பது மாதம் பாக்கி இருக்கும்போதே ஆய்வு முடிந்துவிட்டிருந்தது. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த அத்தனை செய்தியும் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஆத்மநாதன் பெயரைத் தேடினாள். அவர் வரிசையில் செய்தியே இல்லை. நெல் அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. டம்மி. கல்யாணச் சாப்பாடேதான். ஒன்பது பேரும் நாச்சிமுத்துவும் செத்துத் திறக்காத பெட்டியை இரண்டு ஏப்பம் திறந்துவிட்டது! அந்த நடுரோட்டில் நின்றுகொண்டு அவளுக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல இருந்தது.

போன் அடித்தது. கலாமணி.

“அம்மணி, அவரு போனுக்கு மெசேஜ் வந்திருக்குதுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுது. நாச்சிமுத்துன்னு பேரு செரியாத்தான் போட்டிருக்குது. கீழ ஏதோ தேதி இருக்குது. அது என்ன தேதிங்க?”

அந்த இரண்டு வார்த்தையும் வெண்மணியின் வாய்வரைக்கும் வந்தன. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“அதை எழுதின தேதி அக்கா. நான் உங்க வீட்டுக்கு வந்ததுக்கு முந்தின நாள்.”

கலாமணி போனை வைக்கவில்லை. வெண்மணியும் வைக்காமல் நின்றாள்.